அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்

லிஸ்பனுக்கு இரண்டு டிக்கெட்.
பணம் திரும்பக் கிடைக்காதாம்.
ஒன்றில் என் பெயர்.
இன்னொன்றில் மெலெரி,
இன்னமும் என் குடும்பப் பெயரை ஒட்டிக்கொண்டு.

அவள் மார்ச்சில் போனாள்.
பியானோவை நாலு பேர் தூக்கிப் போனார்கள்,
மாடிப்படிச் சுவரில் ஒரு நீளக் கீறல்.
நாயை நீயே வைத்துக்கொள் என்றாள்.
பிரிஸ்டலில் அவளுக்கு மூன்றாம் மாடியாம்.

நாயின் பெயர் மூக்.
எங்கள் வெல்ஷ் மொழியில் புகை.
சாம்பல் நிறம், ஒரு காது மடங்கியிருக்கும்.
கூப்பிட்டால் வருவதும் புகை மாதிரிதான்,
காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்.

ஒன்பது நாள் இதை எங்கே விடுவது?

முதல் இடம் நெடுஞ்சாலை ஓரம்.
அறைக்கு ஒரு கேமரா, அறைக்கு ஒரு டிவி,
அதில் அணில்கள் ஓடிக்கொண்டே இருந்தன.
"மெத்தை மென்மையாகவா, நடுத்தரமாகவா?"
என்றான் மேசைக்குப் பின்னாலிருந்த பையன்.
பதினோரு வருடம் ஒரே மெத்தையில் படுத்தவன் நான்,
என்னை யாரும் கேட்டதில்லை.
மூக் வாசலைத் தாண்டவில்லை.

இரண்டாவது, டவி ஆற்றுக்கு அக்கரை.
இருமல் ஊசி போட்டாயிற்றா, தேதி என்ன,
சான்றிதழ் எங்கே,
எல்லாம் முறைப்படி.
கழுவிய சிமெண்டுத் தரை, பினாயில் நெடி,
முகம் பார்க்கலாம் போல தண்ணீர்க் கிண்ணங்கள்.
குறை சொல்ல ஒன்றுமில்லை.
பத்தொன்பது நாய்கள் இருந்தன.
ஒன்றுகூடக் குரைக்கவில்லை.

மூன்றாவதுக்குப் போகும் வழியை
ஒரு ஆட்டு மந்தை ஆறு நிமிடம் தரவில்லை.
மழை வேறு.
கேட்டுக்குப் பூட்டு இல்லை, நீலக் கயிறு.
கார்க் கதவை நான் முழுதாகத் திறப்பதற்குள்
மூக் என் மடியை மிதித்துத் தாண்டி
நேராக ஓடி
இடது பக்கம் மூன்றாவது கொட்டிலுக்குள் புகுந்து
வைக்கோலைக் காலால் கிளறிப்
படுத்துக்கொண்டது.

"அட, நீயா!" என்றாள் நெரிஸ் ப்ரோபர்ட்.
என்னை இல்லை.
ரப்பர் பூட்ஸ், அக்குளில் ஒரு ஆட்டுக்குட்டி,
அதன் வாயில் பால் புட்டி.
"நாலு தடவை வந்திருக்கானே.
அப்போ நீங்கதான் எம்லினா?"

நாலு தடவை.
எண்ணெய்க் கிணற்று மேடையில்
நான் கடலுக்கு நடுவே இருந்த மாதங்களை
விரல் விட்டு எண்ணினேன்.
அந்த மாதங்களில் அவளும் எங்கோ போயிருக்கிறாள்.
எங்கே என்று
நாய்க்குத் தெரிய வழியில்லை.

பிஸ்கட் டப்பாவிலிருந்து அட்டை வந்தது.
பச்சை மை, இடது பக்கம் சாய்ந்த எழுத்து.

இடி என்றால் பயம். காட்டிக்கொள்ள மாட்டான்,
எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவான்.
சாப்பிடும்போது பக்கத்தில் ஆள் வேண்டும்.
பேச வேண்டியதில்லை, இருந்தால் போதும்.
வாசலில் நின்று விடைபெற வேண்டாம்.
சொல்லாமல் போனால்தான் தாங்குவான்.

"இது நாயைப் பற்றித்தானே?" என்றேன்.
"வேறு யாரைப் பற்றி?" என்றாள் நெரிஸ்
புட்டியைச் சாய்த்துப் பிடித்தபடி.

அட்டையின் அடியில் கடைசி வரி.
அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்: கணவர்.
என் நம்பர்.
அதற்குப் பக்கத்தில், இடமில்லாமல் நெருக்கி:
எடுக்க மாட்டார். ஆனாலும் அடித்துப் பாருங்கள்.

நெரிஸ் பேனாவைக் கொடுத்தாள்,
மாற்ற வேண்டியதை மாற்றிக்கொள்ளச் சொல்லி.
இடியை விட்டுவைத்தேன். சாப்பாட்டை விட்டுவைத்தேன்.
கணவர் என்பதை அடித்துவிட்டு எம்லின் என்று எழுதினேன்.
கடைசி வாக்கியத்தின் மேல் பேனா கொஞ்ச நேரம் நின்றது.
மை ஒரு புள்ளியாக ஊறியது, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை கொண்டுபோய் விட்டேன்.
அவன் வைக்கோலைக் கிளறிக்கொண்டிருந்தபோது
சொல்லாமல் வெளியே வந்து
நீலக் கயிற்றை முடிச்சுப் போட்டேன்.

விமானத்தில் ஜன்னல் இருக்கை அவளுடையது.
அதில் என் கோட்டை வைத்தேன்.
ஃபோனை அணைக்கச் சொன்னார்கள்.
தரையிறங்கி, சக்கரம் தொடுவதற்கும் முன்னால்
அதை உயிர்ப்பித்து
சத்தத்தைக் கடைசிக் கோடு வரை ஏற்றினேன்.
முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.